வெளிவாய்

சித்திரை முழுக்க
வெளிவாய்க் குழாயில் ஒரு பல்லி குடியிருந்தது.
சத்தம் போட்டிருந்தால் பலனாவது பார்த்திருப்போம்.
அதுவும் சும்மா இருந்தது.

உள்வாயில் மட்டும் தினம் மூவாயிரம் லிட்டர்.
நண்டு அவித்த தண்ணீர்,
ஓடு கழுவிய தண்ணீர்,
தடைக்காலத்தில் மிஞ்சிய நாற்பது பெண்கள்
கைகழுவி முகங்கழுவி
கக்கூசில் ஊற்றிய தண்ணீர்.
மூன்று அறைத் தொட்டியில் கசடு இறங்கி
சாம்பல் நிறத்தில் ஜல்லிக்குள் நுழையும்.
நுழைந்ததோடு சரி.

நூறடி நீளம், முப்பதடி அகலம்,
அடியில் கறுப்புத் தார்ப்பாய்,
அதன்மேல் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி,
அதற்கும் மேலே என் சம்பு.

என் சம்பு என்றுதான் சொல்வேன்.
மதுரை நர்சரியிலிருந்து முதலில் வந்தது கல்வாழை,
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்தபடி,
திறப்புவிழாப் படத்துக்குத் தோதாக.
மண்டபத்து உப்பு ஒன்பதே நாளில்
இலையோரம் தொடங்கித் தின்று முடித்தது.
பிறகு நானும் ஜெர்வாசியாவும்
உச்சிப்புளி ரயில்பாதை ஓரத்துச் சாக்கடைப் பள்ளத்தில்
முழங்கால் வரை இறங்கி
கிழங்கோடு பிடுங்கி
மீன்வண்டியில் ஏற்றிவந்தோம்.
டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
மீன்வண்டி டிரைவர்!

"தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு" என்றார்
ஒப்பந்தக்காரர் பாதுஷா.
"ஜல்லி மொத்தத்தையும் வாரிப் போட்டுத்தான் பாக்கணும்."
வாரியத்திலிருந்து வந்த பெண்
காலி பாட்டிலோடு நின்றார்.
அவர் படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் இருந்தது,
மணத்துக்கு இருந்தது,
தண்ணீரே இல்லை என்பதற்கு இல்லை.

எனக்கு ஒரு தென்னை ஈர்க்கு போதும்.
ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டுக்கு லீவு, உள்வாய் மூடியிருந்தது.
காலை ஆறு மணிக்குப் பார்வைக் குழாயில் விட்டு
நனைந்த மட்டத்தில் நகத்தால் ஒரு கீறல்.
மாலை ஆறு மணிக்கு
கீறலுக்கு ஒன்றரை விரற்கடை கீழே தண்ணீர்.
அங்கே இன்னொரு கீறல்.
ராத்திரி அங்கேயே சாக்கு விரித்துப் படுத்தேன்,
கொசுவுக்கு வேப்பிலைப் புகை போட்டு.
கொசு, பாத்தியிலிருந்து அல்ல,
பக்கத்து லாட்ஜ் தொட்டியிலிருந்து வந்தது.
ஜல்லிக்குமேல் தண்ணீர் எட்டிப் பார்ப்பதே இல்லை.
விடிந்து மறுபடி ஈர்க்கை விட்டேன்.
இரண்டாம் கீறல், அதே இடம்.

ஓட்டையென்றால் இருட்டிலும் ஒழுகும்.
ஓட்டைக்கு ஏது தூக்கம்?
பகலில் மட்டும் குடிக்கிறது எது?

பாதுஷா ஈர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஆளுயரம் நின்ற சம்பைப் பார்த்தார்.
அண்ணாந்து வெயிலைப் பார்க்கப் போய்
இரண்டு தும்மல் போட்டார்.
ஜல்லி தப்பித்தது.

குளிர்நாட்டில் இப்படிப் பாத்திகள் உறைந்துபோகுமாம்.
வேரைச் சுற்றி அழுக்கைத் தின்னும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
சுருண்டு படுத்துக்கொள்ளுமாம். வாரியத்துப் பெண் சொன்னார்.
இங்கே அதற்கு மார்கழியும் வேலைநாள்,
எங்களைப் போல.
எங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி,
அதற்கு அதுவும் இல்லை.

ஆனி பிறந்து
தடை நீங்கிய மூன்றாம் நாள்
கச்சான் காற்றோடு விசைப்படகுகள் கரை சேர்ந்தன.
கூடை கூடையாய் நண்டு, நூற்றிருபது பெண்கள்,
அடுப்பு எட்டும் எரிந்தது.
சாயங்காலம் குழாயடியில் ஏதோ தட்டுகிற சத்தம்.
ஓடினேன்.
பல்லி வெளியே வந்து சுவரில் ஒட்டியிருந்தது,
வாடகை பாக்கிக்குத் துரத்தப்பட்டதைப் போல.

பாட்டிலைப் பிடித்தேன்.
வைக்கோல் ஊறிய நிறம்.
மோந்து பார்த்தேன்.
பதினான்கு வருடம் நண்டு உடைத்த மூக்கு,
நம்ப முடியாது.
ஜெர்வாசியாவைக் கூப்பிட்டேன்,
அவள் மூக்கும் அப்படித்தான்.
கடைசியில் தேநீர்க் கடைக்காரரை இழுத்துவந்தோம்.
"மழைத்தண்ணி மாதிரி இருக்கு" என்றவர்
எதுக்கு என்று கேட்டு
சொன்னதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பின்பக்கத் தென்னைக்கு விடலாமா என்றார் பாதுஷா.
விடலாம், தென்னை தாங்கும்.

விரலை நனைத்தேன்.
நகக்கண்ணில் ஓடு கீறிய இடம்
சுள்ளென்றது.
ஜல்லியின்மேல் இரண்டு மாதமாய்ப் படிந்த
வெள்ளைப் பூப்பும் அதேதான்.
நாற்றத்தைத் தின்ற கூட்டம்
உப்பைத் தொடவில்லை.
அதற்கொரு செடி
எந்தப் பள்ளத்தில் நிற்கிறதோ,
அடுத்த ஞாயிறு
திருப்பாலைக்குடிப் பக்கம் போய்ப் பார்க்கணும்.